செயின்ட் டிரினியன்ஸ் பிள்ளைகளைக் குமரிகளாக்க வேண்டாம்

சனிக்கிழமை திரையிடலுக்கு வந்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: செயின்ட் டிரினியன்ஸ் என்பது எதற்கும் அடங்காத பெண் பிள்ளைகள் படிக்கும் ஒரு கற்பனை ஆங்கிலேயப் பள்ளி. அதை வைத்து 1954இல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது, 2007இல் மறுபடி புதிதாக எடுத்தார்கள். "2007 படமே போதும்ணே, அந்தக் கறுப்பு வெள்ளையை இப்ப யாரு பாப்பா?" என்று தம்பி கேட்டதும் பாதி அறை கைதட்டியது. என்னைப் பேச விடவில்லை. இங்கே பேசுகிறேன்.

செயின்ட் டிரினியன்ஸ் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். சிரிப்பே அதில்தான் இருக்கிறது. 1954இல் ஃபிராங்க் லாண்டர் எடுத்த படத்தில், பள்ளி திறக்கிறது என்றதும் ஊரே கடையைச் சாத்துகிறது. யாருக்குப் பயந்து? ஹாக்கி மட்டையோடு வரும் வாண்டுகளுக்கு! ரசாயனக் கூடத்தில் ஜின் காய்ச்சுகிறார்கள். கல்வி அமைச்சு அனுப்பிய ஆய்வாளர்கள் திரும்பிப் போகவே இல்லை. தலைமையாசிரியை மிஸ் ஃபிரிட்டனாக அலஸ்டேர் சிம். பெண் வேடம் கட்டிய ஆண் என்பதை வைத்து ஓர் இடத்திலும் அவர் சிரிப்பு வாங்கவில்லை. மற்ற பள்ளிகளில் பெண்கள் தயாராகாமலே இரக்கமற்ற உலகத்துக்குப் போகிறார்கள், எங்கள் பெண்கள் போகும்போது உலகம்தான் தயாராக வேண்டும் என்று அவ்வளவு பதவிசாகச் சொல்வார்.

2007இல் என்ன செய்தார்கள்? புது மாணவி அனபெலுக்கு ஒவ்வொரு கூட்டமாக முடியையும் உடையையும் மாற்றி அழகு பார்த்தார்கள். ஊரை நடுங்க வைத்த வாண்டுகள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் நிற்பவர்கள் நாம் பார்த்து ரசிப்பதற்கான குமரிகள்.

பழைய படத்திலும் ஆறாம் படிவத்துப் பெரிய பெண்கள் ஒயிலாக வருவார்களே என்பீர்கள். வருவார்கள். ஆனால் படத்தைத் தாங்குவது அவர்கள் இல்லை. புதுப் படத்தில் மிஸ் ஃபிரிட்டனாக வந்த ரூபர்ட் எவரெட்டைக் குறை சொல்லவில்லை, நல்ல நடிகர். அந்தப் படம் ஓடியதால்தானே 2009இல் அடுத்த பாகம் வந்தது என்பீர்கள். நான் வசூலைப் பற்றிப் பேசவே இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டார்கள் என்கிறேன்.

"பழசு மேல மோகம்" என்றீர்களே, அதுதான் வலிக்கிறது. இந்தப் பிள்ளைகளை முதலில் கேலிச்சித்திரமாக வரைந்த ரொனால்ட் சேர்ல் 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் கைதியானவர். சாங்கி முகாம், பிறகு ஜப்பானியர் கைதிகளை வதைத்துப் போட்ட சயாம் ரயில் பாதை. அங்கே திருட்டுத்தனமாக வரைந்த படங்களை வாந்திபேதியில் சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அதே ரயில் பாதைக்குத்தான் மலாயாவில் எங்கள் தோட்டத்திலிருந்தும் ஆள் பிடித்துப் போனார்கள். என் தாத்தாவின் அண்ணன் போனார், வரவில்லை. பாட்டி கடைசிவரை சயாம் என்ற சொல்லை வீட்டில் எடுக்க விட்டதில்லை.

அந்த நரகத்திலிருந்து உயிரோடு வந்த மனிதர் மறுபடி பேனாவை எடுத்து, குச்சிக் கால்களோடு எதற்கும் அடங்காத பிள்ளைகளையே வரைந்து தள்ளினார். பெரியவர்கள் கட்டி வைத்த ஒழுங்கின் மேல் அவருக்கு இருந்த கோபம் அந்தக் கோடுகளில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அதைத் துடைத்துவிட்டு உதட்டுச் சாயம் பூசினால் நான் கைதட்ட மாட்டேன்.

ரீமேக்கே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். எடுங்கள், சின்னப் பிள்ளைகளை வைத்து எடுங்கள். தம்பி, அடுத்த மாதப் பட்டியலில் 1954 படத்தைப் போடு. பார்த்துவிட்டு அப்புறம் என்னோடு சண்டைக்கு வா.