ரூ.34,820 எங்கே போனது?

போன மாதம் எங்கள் கணக்குப் பிரிவுக்கு ஓர் ஆள் எடுத்தோம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. வந்தவர்கள் பதினொரு பேர். ஏழு பேர் பி.காம்., இரண்டு பேர் பி.பி.ஏ., மீதி இரண்டு பேர் நிதியியலில் எம்.பி.ஏ.

நேர்காணலில் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை. இரண்டு தாள்களைக் கொடுத்துவிடுவேன். ஒன்றில் ரொக்க ஏட்டின் வங்கிப் பக்கம். கடைசி இருப்பு ரூ.4,36,820. மற்றொன்றில் அதே மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட்; இருப்பு ரூ.4,71,640. நடுவில் இருக்கும் 34,820 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எழுதித் தர வேண்டும். இருபது நிமிடம்.

பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நாங்கள் கொடுத்த 36,000 ரூபாய் காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. வங்கி 1,180 ரூபாய் கட்டணம் பிடித்திருக்கிறது, அதை நாங்கள் ஏட்டில் எழுதவில்லை. அவ்வளவுதான். பதினோராம் வகுப்பிலேயே 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பதினொரு பேரில் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். எம்.பி.ஏ. படித்த ஒரு தம்பி தாளை அப்படியே திருப்பித் தந்து, "எனக்கு நிதிப் பகுப்பாய்வில்தான் ஆர்வம், மேடம்" என்றார். எதைப் பகுத்து ஆய்வார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

அந்த மூவரில் ஒரு பெண் விடையை எழுதி முடித்துவிட்டு, "இந்த 1,180-இல் 180 ஜிஎஸ்டிதானே மேடம்? அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார். நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். மற்ற தாள்களை மூடி வைத்துவிட்டேன். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி ஆண்டு முழுக்க மாலை நேரத்தில் ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றியிருக்கிறார், மாதம் நான்காயிரத்துக்கு.

"பி.காம். முடித்துவிட்டான், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்று மே மாதம் வந்தாலே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். என்ன படிக்கலாம் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதல் இரண்டு ஆண்டு எந்த மேசையில் உட்காரப் போகிறான் என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர்களுக்கு இது பிடிப்பதில்லை. பையன் பட்டம் வாங்கிவிட்டுப் பில் போடுவதா என்று முகம் சுருங்குகிறது.

சி.ஏ. பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. வணிகவியலில் 55 விழுக்காடு வாங்கிய பட்டதாரி, முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆடிட்டரிடம் வேலை பார்த்துக் கற்கும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி மூன்று ஆண்டாக இருந்தது, 2023 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. நல்ல வழிதான், ஆனால் எத்தனை முறை எழுதிப் பார்ப்பது என்பதை நுழைவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நானே சி.ஏ. இன்டரோடு நின்றவள்தான். ஃபைனலில் ஒரு குரூப்பை ஐந்து முறை எழுதினேன். ஆர்ட்டிகிள்ஷிப்பில் கற்றதை வைத்துத்தான் இருபது ஆண்டாகச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் மட்டும் நான் இன்றும் 'முடிக்காதவள்'.

சி.எம்.ஏ. என்று, அடக்கவிலைக் கணக்குக்கான படிப்பு ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரைப் போன்ற தொழில் நகரத்துக்கு அதுதான் சரியான படிப்பு என்பேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எழுதிக் கூட்டினால் போதும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். சாயப்பட்டறைக்கு நூறு கிலோ துணி போனால் நூறு கிலோ திரும்பி வராது. கட்டிங் மேசையில் இன்னும் கொஞ்சம் துண்டாகப் போகும். தைத்ததில் சில உருப்படிகள் கழியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு உருப்படிக்கு ஐந்து சென்ட் குறை என்பார். 50,000 உருப்படிக்கு அது 2,500 டாலர். தரலாமா கூடாதா என்று முதலாளி திரும்பிப் பார்க்கும்போது பதில் சொல்பவர் யாரோ, அவர் அந்த அலுவலகத்தில் அசைக்க முடியாத ஆள். டாலர் கைக்கு வர மூன்று மாதம் ஆகுமென்றால் அன்றைக்கு என்ன விலை என்பதை வங்கியோடு இன்றே பேசி ஃபார்வர்டு ஒப்பந்தம் போடுவதா, சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனை டாலரில் எடுப்பதா என்ற கேள்விகளும் அவரிடம்தான் வரும். பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோன விஷயங்கள் இவை.

வங்கித் தேர்வு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டு என்று கெடு வைத்துக்கொண்டு எழுதுங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் டிஎன்பிஎஸ்சி வழியாகப் போகலாம். நம் பிள்ளைகளின் கண்ணில் ஏனோ அது படுவதே இல்லை. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு மையங்களில் சம்பளம் நன்றாக இருக்கிறது, வீட்டு வாசலுக்கு வண்டி வருகிறது. ஆனால் வேலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பார்கள். மூன்று ஆண்டு இன்வாய்ஸ் மட்டுமே பார்த்துவிட்டு, ஒரு முழு இருப்புநிலைக் குறிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தவர்களை நேர்காணலில் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 'நிதி ஆலோசகர்', 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' என்று பதவிப் பெயர் போட்டு வளாகத் தேர்வில் ஆள் எடுக்கிறார்கள். என் சித்தி மகன் அப்படித்தான் சேர்ந்தான். முதல் மாதம் அம்மாவுக்கு ஒரு பாலிசி, இரண்டாம் மாதம் மாமாவுக்கு, மூன்றாம் மாதம் எனக்கு. நான்காம் மாதம் சொந்தம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. விற்பனை கௌரவமான தொழில். அதை விற்பனை என்றே சொல்லி எடுத்திருந்தால் அவன் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

ஆடிட்டர் அலுவலகங்களையும் நான் புனிதப்படுத்தவில்லை. சம்பளம் குறைவு, செப்டம்பரில் இரவு பத்துக்கு முன் வீடு திரும்ப முடியாது. சில இடங்களில் ஐந்து ஆண்டு ஆனாலும் பில் ஏற்றுவதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் தனியாக ஒரு கணக்கை முடிக்கவிடவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வணிகவியல் பட்டதாரிகள், மற்றவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து தரும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளவும் முடியும். ஊர்க் கடைத்தெருவில் பத்துக் கடையின் கணக்கு கிடைத்தால் சோற்றுக்குக் கவலையில்லை. விற்பனை விவரம் தர 11, கொள்முதல் வரி விவரம் வர 14, வரி கட்ட 20 என்று மாதத்தில் மூன்று தேதிகளைச் சுற்றியே வாழ்க்கை ஓடும். ஆட்களிடம் சண்டை போடாமல் காரியம் சாதிக்கவும் தெரிய வேண்டும். அதை எந்தக் கல்லூரி சொல்லித் தருகிறது?

இன்று 14. எங்களுக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் காலையிலிருந்து எங்கள் கொள்முதல் ஏட்டோடு அதை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அட்டைப்பெட்டி தருகிறவரின் இரண்டு பில்கள் இந்த மாதமும் ஏறவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையிலிருந்து குரல் கேட்கிறது: "அண்ணா, போன மாதமும் 'நாளைக்கு' என்றுதான் சொன்னீர்கள். எந்த நாளைக்கு என்று தேதியைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."