இரும்புக்கை மாயாவி பிறந்த ஊர் சிவகாசி அல்ல

“இரும்புக்கை மாயாவி 1972-ல் சிவகாசியில் உருவான அசல் தமிழ் ஹீரோ. அவரைக் காப்பியடித்தவன் வெள்ளைக்காரன். இப்போது இளசுகளுக்காக மாயாவியை மூட்டை கட்டிவிட்டார்கள்.” காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

சிவகாசியிலிருந்து வந்த தமிழ்ப் படக்கதை வெளியீடான முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972-ல் மாயாவி வந்தது உண்மை. ஆனால் அவர் பிறந்தது 1962-ல், ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில். முதலில் கதை எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. செட்டிநாட்டு வீட்டுப் பரணில் பழைய பிரதி கிடந்தால் பிரித்துப் பாருங்கள். நாயகன் பெயர் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைய, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்கோவின் கறுப்பு மையில் அந்தக் கை இன்றைக்கும் மிரட்டுகிறது! இந்தக் கலைஞர்களின் உழைப்பை மறைப்பது பெரிய அநியாயம்.

மூட்டை கட்டியதாகச் சொல்வதும் பொய். முத்து காமிக்ஸே பழைய மாயாவி கதைகளை மறுபதிப்பு செய்திருக்கிறது. பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் தொகுப்பு நூலாகவும் கொண்டுவந்தது.

புதிய வாசகர்களை இழுக்கப் பழைய வாசகர்களை விரட்ட வேண்டியதில்லை. 2000-ல் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெல், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைப் பள்ளி மாணவனாகக் காட்டி ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடங்கியபோது மூலத் தொடரை நிறுத்தவில்லை. 2007-ல் அந்த மூலத் தொடரில் பீட்டரின் திருமணத்தையே கதையிலிருந்து அழித்தபோதுதான் பழைய வாசகர்கள் கொதித்தார்கள். 2024-ல் அதே ‘அல்டிமேட்’ பெயரில் வந்த புதிய தொடரில் பீட்டர் மனைவி, பிள்ளைகளோடு இருக்கும் குடும்பஸ்தன்.