திக்கினால் திக்கட்டும், பேசி முடிக்க விடுங்கள்

எனக்குத் திக்குவாய். போனில் என் பெயரைச் சொல்வதுதான் எனக்கு எப்போதுமே பெரிய கண்டம். மற்ற சொற்கள் சிக்கினால் சட்டென்று வேறொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். பெயருக்கு மாற்று ஏது? உதடு ஒட்டிக்கொள்ளும், குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்குள் மறுமுனையில் "ஹலோ ஹலோ" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

பயத்தால்தான் திக்குகிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பேச்சை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பயமும் கூச்சமும் பெரும்பாலும் பிறகு வந்து ஒட்டிக்கொள்பவை, அதுவும் மற்றவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்து. 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வொன்றில், நன்றாகப் பேசிய அனாதைக் குழந்தைகள் சிலரிடம் "உனக்குத் திக்குகிறது, கவனமாகப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பலர் வாயைத் திறக்கவே தயங்கி ஒடுங்கிப்போனார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

நல்ல ஸ்பீச் தெரபிஸ்டுகள் இன்று திக்கலை அடியோடு ஒழிப்பதை மட்டுமே இலக்காக வைப்பதில்லை. சொல் சிக்கும்போது முட்டி மோதாமல், இறுக்கத்தைத் தளர்த்தி மெல்ல வெளியே வரப் பழக்குகிறார்கள். வேண்டுமென்றே திக்குவதும் ஒரு பயிற்சி. என் தெரபிஸ்ட் முதலில் தானே ஒரு கடைக்குப் போன் போட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்க, நன்றாகத் திக்கித் திக்கி விலை கேட்டார். அப்புறம் போனை என் கையில் கொடுத்தார். மறைக்க வேண்டியதில்லை என்றானபோது எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது, பலருக்குத் தானாகவே சரியாகியும் விடுகிறது. ஆனால் யாருக்குச் சரியாகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மாதக்கணக்கில் நீடித்தாலோ, குழந்தை பேசத் திணறி முகம் சுளித்தாலோ, "போகப் போகச் சரியாகிடும்" என்று உட்கார்ந்திருக்காமல் தெரபிஸ்டிடம் காட்டிவிடுவது நல்லது.

நேர்முகத் தேர்வு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எதிரில் இருப்பவர் திக்கினால் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், "ரிலாக்ஸ்" என்றும் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். திக்கிய இடங்களை எண்ணாமல், சொன்ன பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.