வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளை

அந்த வாய்ஸ் மெசேஜ் நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். யார் முதலில் குடும்பக் குரூப்பில் போட்டது என்று கேட்கப் போவதில்லை. அண்ணன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபின் போனே எடுப்பதில்லை என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் அழுதுகொண்டே அவனுக்குப் பேசி அனுப்பியது அது. அவனுக்கு மட்டும். அதற்குக் கீழே எத்தனை சிரிப்பு பொம்மைகள்! இரண்டு நாளாக எனக்கு ஆறவில்லை.

ஒரு பிள்ளை படிக்கக் கிளம்பினால் வீடே அவனைப் பற்றித்தான் பேசுகிறது. சாப்பிட்டானா, தூங்கினானா, ரூம்மேட் எப்படி. அம்மாவுக்கு ஏக்கம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளையை யாராவது கேட்கிறோமா? அவளுக்கும் ஒரு ஆள் போயிருக்கிறான். பள்ளியில் நடந்ததை வந்ததும் கொட்ட ஆள் இல்லை. அம்மா அப்பா சண்டை போட்டால் அறைக்குள் உட்கார்ந்து கண்ணாலேயே பேசிக்கொள்ள ஆள் இல்லை. பெற்றவர்களின் மொத்தக் கவனமும் கவலையும் இப்போது அவள் ஒருத்தி தலையில்.

'அவன் புது இடத்தில் திணறுகிறான், அவனைக் குறை சொல்லாதே' என்பீர்கள். நான் அவனைக் குறை சொல்லவே இல்லை. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000இல் எழுதிய கட்டுரையில் 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பிரித்துக் காட்டினார். தான் யார் என்று தேடிப் பார்க்கிற வயது. தேடட்டும். ஆனால் அவன் தேடப் போன நாளில் இவள் இழந்துவிட்டாள், அதைச் சொன்னால் கேலியா?

தள்ளி இருந்தால் பாசம் கூடும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உண்மைதான். பிரிந்து வாழத் தொடங்கியதும் உடன்பிறந்தவர்களுக்குள் சண்டை குறைகிறது, நெருக்கம் கூடுவதும் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கூடுவது யாருக்கு? போனவர் திரும்பிக் கூப்பிடுகிற வீட்டில். சண்டையே இல்லாமல் அந்நியராகிப் போன அண்ணன் தம்பிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

அவள் அழுததைப் பொறாமை என்று சொன்னவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், நான் அந்த இடத்தில் இருந்தவள். அக்கா காலேஜுக்குப் போனபோது ராத்திரி விளக்கணைத்த பிறகு பேச ஆள் இல்லாமல் போனது எனக்குத்தான். முதல் லீவில் வந்தாள். எனக்குத் தெரியாத பெயர்களாகச் சொல்லிச் சிரித்தாள். யார் அது என்று கேட்டால், 'உனக்குப் புரியாதுடி' என்றாள். அப்புறம் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவள் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை, எந்தச் சண்டையும் இல்லை. இன்றைக்கு விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறோம், நலம் விசாரித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான் எங்களுக்குள். இதைப் பாசமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நான் கேட்டது இது இல்லை.

அதனால்தான், 'ரெண்டு மாசத்துல பழகிடுவா' என்று அந்தக் குரூப்பில் நீயே எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, அக்கா. அவள் உன் பெண். பழகிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் பழகினேன். அவள் பழகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உன் பையனிடம் பேசு. வாரத்துக்கு ஒரு தடவை, உன்னோடு பேசுகிற போனில் கடைசி இரண்டு நிமிடமாக இல்லாமல், அவளுக்கென்றே தனியாக அவன் கூப்பிடட்டும். இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வந்தால் குரூப்பில் எழுதாதே, எனக்கு நேராகப் போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் பேசலாம்.