பலகை மாறியது, நாற்காலி மாறவில்லை

மியான்மரில் 2025 ஜூலை 31 அன்று அவசரநிலை நீக்கப்பட்டு, ராணுவ ஆட்சிக் குழுவான அரசு நிர்வாக மன்றம் கலைக்கப்பட்டதை, நான் படித்த ஒரு கட்டுரை ‘மாற்றத்தின் தொடக்கம்’ என்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. கலைக்கப்பட்ட மன்றத்தின் தலைவராக இருந்தவரும் ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்தான். அதே நாளில் உருவான பாதுகாப்பு, அமைதி ஆணையத்தின் தலைவரானவரும் அவரேதான்.

இது அங்கே புதிதல்ல. 1988இல் சா மாங் தலைமையில் அமைந்த ராணுவக் குழுவுக்கு 1992இல் ஜெனரல் தான் ஷ்வே தலைவரானார். 1997இல் குழுவின் பெயரை மட்டும் மாற்றி, 2011 வரை அவரே தொடர்ந்தார்.

2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை ராணுவமே எழுதிக்கொண்டது. அதன்படி அவசரநிலையை அறிவிக்க வேண்டியவர் குடியரசுத் தலைவர். ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய 2021 பிப்ரவரி 1 அதிகாலையில் இரண்டு உயர் ராணுவ அதிகாரிகள் வந்து, உடல்நலமில்லை என்று சொல்லிப் பதவி விலகும்படி வற்புறுத்தியதாகவும், தாம் நலமாகவே இருப்பதாகக் கூறி மறுத்ததாகவும் அப்போதைய குடியரசுத் தலைவர் வின் மின்ட் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அவரைக் கைது செய்துவிட்டு, ராணுவம் நியமித்த துணைத் தலைவர் மின்ட் ஸ்வேயைத் தற்காலிகத் தலைவராக்கி அறிவிப்பை வெளியிட வைத்தார்கள். வின் மின்ட்டின் துணிவை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

அதே சட்டம் வழக்கமாக அனுமதிப்பது ஆறு மாத நீட்டிப்பு இரண்டு முறை மட்டுமே. இவர்கள் ஏழு முறை நீட்டினார்கள். 65 வயதில், 2021 ஜூலையில், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தளபதி மின் ஆங் ஹ்லைங் அடுத்த மாதமே பிரதமர் பட்டத்தையும் சூட்டிக்கொண்டார். கட்டுரையாளர் இவற்றையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.