லியம்பா கப்பலை மூழ்கடித்தவர்கள் பிரிட்டிஷார் அல்லர்

மும்பையில் மாட்டுங்கா, தாராவி தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழைய கப்பலின் படம் சுற்றிவருகிறது. ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் ஓடிய ‘லியம்பா’வை முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பீரங்கிப் படகுகள் சுட்டு மூழ்கடித்தன என்றும், பின்னர் மீட்கப்பட்ட அக்கப்பல் இன்றுவரை நீராவியில்தான் ஓடியது என்றும் அதில் எழுதியிருக்கிறது. இரண்டுமே தவறு.

1913இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ என்ற பெயரில் கட்டப்பட்ட இக்கப்பல், பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, சுமார் 5,000 பெட்டிகளில் அப்போதைய ஜெர்மன் காலனியின் துறைமுகமான தார் எஸ் சலாம் வரை கடல் வழியாகவும் அங்கிருந்து ரயிலிலும் ஏரிக்கரை ஊரான கிகோமாவுக்கு வந்து, 1915இல் ஏரியில் இறங்கியது. 1916 ஜூலையில், பின்வாங்கிய ஜெர்மானியரே, எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாதென்று அதை மூழ்கடித்தனர். ஆனால் என்றாவது ஒருநாள் மீட்கலாம் என்ற எண்ணத்தில், இயந்திரங்களுக்குக் கெட்டியாகக் கிரீஸ் பூசிவிட்டே அமிழ்த்தினர். போரின் நடுவிலும் தம் கைவேலையின் மேல் அவர்கள் வைத்திருந்த அந்தப் பரிவைத்தான் இந்த வதந்தி மறைத்துவிடுகிறது. 1924இல் பிரிட்டிஷார் கப்பலை வெளியே எடுத்தபோது, இயந்திரங்கள் பெரும்பாலும் பழுதின்றி இருந்தன. 1927இல் லியம்பா என்ற புதுப் பெயருடன் அது மீண்டும் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. நீராவி இயந்திரம் 1970களில் கழற்றப்பட்டு, டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது.