அன்ட்ரியா கெஸ் முதலாவது பெண் அல்ல, நான்காவது

மட்டக்களப்புப் பெண்பிள்ளைகள் ஏ.எல்.லில் (உயர்தர வகுப்பில்) கணிதப் பிரிவுக்கு வரவேணும் என்ற பதிவொன்றின் கீழே, பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற முதல் பெண், வானியலாளர் அன்ட்ரியா கெஸ்தான், அவருக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லை என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

தம்பி, அவர் நான்காவது பெண். 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கெப்பர்ட் மேயர், 2018இல் டொனா ஸ்ட்ரிக்லண்ட், 2020இல்தான் கெஸ். இடையில் 55 வருட இடைவெளி ஒன்று இருப்பதால் பழைய பெயர்கள் மறந்துபோவது இயல்புதான். நோபல் பரிசின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் பௌதிகவியல் பட்டியலைத் திறந்து இந்த நான்கு வருடங்களையும் பாருங்கள். கைபேசியிலேயே இரண்டு நிமிட வேலை.

கெஸ்ஸின் வேலை இதனால் சிறுத்துவிடாது. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழுவொன்றை நடத்தி, ஹவாயின் கெக் தொலைநோக்கிகளால் பால்வீதி மையத்து நட்சத்திரங்களின் ஓட்டத்தை 1995 முதல் வருடக்கணக்காக அளந்தவர். சூரியனைப்போல் சுமார் 40 இலட்சம் மடங்கு திணிவு அங்கே ஒடுங்கிக் கிடப்பது அப்படித்தான் தெரியவந்தது. (ஆடி மாத இரவில் கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள், தனுசு ராசிப் பக்கம்தான் அந்த மையம்.)